நாலாம் மாடிக்கு மேல: கொழும்பின் சொகுசு வீடும் அதன் வாடகையும்

கொழும்பில் வீடு வாடகைக்கு விடும் விளம்பரங்களை ஒருக்கா வரிசையாக வாசித்துப் பாருங்கோ. கடல் தெரியும் பல்கனி, நீச்சல் தடாகம், ஜிம், இரண்டு வாகனத் தரிப்பிடம், 24 மணி நேரக் காவல், கரண்ட் போனால் ஜெனரேட்டர். கடைசியில் வாடகை. கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம், கொம்பனித்தெரு எண்டால் அந்த இலக்கம் பல நேரம் டொலரில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் சிரிப்போம், இல்லாட்டிப் பெருமூச்சு விட்டுவிட்டு பொடிங் அறை தேடப் போவோம்.

ஆனால் இந்த விளம்பரங்களுக்குப் பின்னால் நூறு வருடக் கதை ஒன்று கிடக்கு. சொகுசு மாடி வீட்டைக் கொங்கிரீட்டும் கண்ணாடியும் மட்டும் கட்டவில்லை. அதற்கு முதலில் சட்டம் வர வேண்டியிருந்தது. யார் நிலத்துக்குச் சொந்தக்காரர், யாரை எழுப்பலாம், யாரை எழுப்ப முடியாது, யாருடைய பெயர் பொலிஸ் பதிவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் தீர்மானிக்கப்பட்ட பிறகுதான் அந்தக் கட்டடம் எழும்பியது. இந்தக் கட்டுரை அந்தச் சட்டங்களின் வழியாகக் கொழும்பைப் பார்க்கும் ஒரு முயற்சி.

பணக்காரர் மாடியில் இருக்காத காலம்

இண்டைக்கு உயரம் எண்டால் அந்தஸ்து. நூறு வருடத்துக்கு முன் கொழும்பில் அப்படி இல்லை. வசதியானவர்கள் அகலமாகத்தான் வாழ்ந்தார்கள். கறுவாத்தோட்டத்தில் பெரிய வளவு, அதன் நடுவே ஒரு பங்களா, சுற்றிவர மரங்கள். 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்காக எழுதிய அறிக்கையும் ஒரு தோட்ட நகரத்தையே கற்பனை செய்தது.

அதே நகரத்தில் இன்னொரு வகைத் தோட்டமும் இருந்தது. வீதிப் பக்கம் கடைகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். இதையும் ஆக்கள் 'வத்த', 'தோட்டம்' எண்டுதான் சொன்னார்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்தவர்கள் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். கறுவாத்தோட்டமும் தோட்டம், இதுவும் தோட்டம்.

மாடி வீடுகள் முற்றாக இல்லாமலும் இல்லை. காலிமுகத்திடலைப் பார்த்தபடி நிற்கும் கோல்ஃபேஸ் கோர்ட் சுதந்திரத்துக்கு முன்னரே எழும்பியது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் சில மட்டுமே. பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பனி அலுவலர்கள், வெளிநாட்டவர்கள், ஊரில் பெரிய வீடு இருந்தும் கொழும்பில் ஒரு இடம் தேவைப்பட்டவர்கள் அவற்றை வாடகைக்கு எடுத்தார்கள்.

வெளிநாட்டு வாடகையாளர் எண்டதும் எங்கள் தலைமுறைக்கு உடனே ஞாபகம் வருபவர் பாப்லோ நெரூடா. சிலி நாட்டின் கொன்சலாக 1929இல் கொழும்புக்கு வந்த அவர், வெள்ளவத்தையில் கடலோரப் பங்களா ஒன்றில் தனியே இருந்தார். அந்த வீட்டில் மலவாளி ஒவ்வொரு நாளும் சுத்தமாகவே இருக்கும். அது எப்படிச் சுத்தமாகிறது என்பதே அவருக்குக் கொஞ்சக் காலம் தெரியாது. பின்பக்கத்தால் வந்து அதை எடுத்துச் சென்றவர் ஒரு தமிழ்ப் பெண். அந்தப் பெண்ணைத் தான் வன்புணர்ந்ததை நெரூடா தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு, 1974இல் வந்தது. 2021இல் அசோக ஹந்தகம எடுத்த 'அல்பொராடா' படத்துக்குப் பிறகு இதைப் பற்றி இங்கே பரவலாகப் பேசினார்கள்.

இதை இந்த இடத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கு. வாடகை குடுக்கிறவரின் பெயர் வரலாற்றில் இருக்கு. அதே வீட்டுக்குள் ஒவ்வொரு நாளும் வந்துபோனவரின் பெயர் எங்கேயும் இல்லை. இப்போதைய சொகுசு மாடிகளில் வாளி இல்லை. ஆனால் வேலை செய்ய வருபவர்களுக்கு வேற லிஃப்ட், குசினிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை, அதற்கு ஒரு தனிக் கழிவறை எண்டு அந்தப் பின்வாசல் வரைபடத்தில் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

வானத்தில் ஒரு துண்டை எழுதி விற்க முடியாது

பங்களாவை வாங்கலாம். ஆனால் மாடி வீட்டை ஏன் வாங்கவில்லை? விருப்பம் இல்லாததால் மட்டும் அல்ல. இலங்கையில் காணி விடயங்களுக்கு அடிப்படையாக இருப்பது ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி நிலம் யாருடையதோ, நிலத்தின் மேல் எழும்பினதும் அவருடையதுதான். ஐந்தாம் மாடியில் இருக்கும் மூன்று அறைகளை மட்டும் பிரித்து உறுதி எழுதி இன்னொருவருக்கு விற்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. கட்டடம் முழுவதும் ஒரு ஆளுக்கு அல்லது ஒரு கம்பனிக்குச் சொந்தமாக இருக்கும், மற்ற எல்லாரும் வாடகைக்காரர். அதனால் அந்தக் காலத்து மாடி வாழ்க்கை எண்டால் அது வாடகை வாழ்க்கை.

வாடகைக்காரரைப் பாதுகாக்கும் சட்டம் யுத்தத்தோடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் கொழும்பில் படைகளும் அலுவலகங்களும் நிரம்பி வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. யுத்தம் முடிந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. 1948இல் அதற்குப் பதிலாக இன்னொரு சட்டம் வந்தது. அதன் பிறகு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தை இண்டைக்கு வாசித்தால் கனவு மாதிரி இருக்கும். வாடகையை வீட்டுக்காரர் தன்பாட்டில் கூட்ட முடியாது. மாநகர சபை கணிக்கும் வருடாந்தப் பெறுமதியை வைத்து அது தீர்மானிக்கப்பட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கக்கூடாது. சட்டம் சொல்லும் சில காரணங்கள் இருந்தால் மட்டும், அதுவும் நீதிமன்றம் போய்த்தான், ஒருவரை எழுப்பலாம். வாடகைக்காரர் இறந்தால் கூட இருந்த குடும்பத்தவர் தொடர்ந்து இருக்கலாம். வீட்டுக்காரர் கோபத்தில் வாடகையை வாங்க மறுத்தால், உள்ளூராட்சி சபையில் அதற்கென இருக்கும் அதிகாரியிடம் போய்க் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். கொழும்பில் அப்படிப் பல வருடங்கள் வாடகை கட்டிய குடும்பங்கள் நிறைய.

அடுத்த வருடம் இரண்டு சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன். 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் இரண்டு வீடுகளும், தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மேலதிகமாகவும் வைத்திருக்கலாம் என்றது. அதற்கு மேல் உள்ளவை அரசுக்குப் போகும், அதில் இருக்கும் வாடகைக்காரர் அதை வாங்க விண்ணப்பிக்கலாம். வாடகை கட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் வீட்டுக்காரர் ஆனார்கள்.

இரண்டாவது, அதே வருடத்தின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம். மாடியில் இருக்கும் ஒரு வீட்டைத் தனிச் சொத்தாகப் பதிந்து, படிக்கட்டையும் கூரையையும் பொதுச் சொத்தாக வைத்து, தனித்தனி உறுதி எழுத அது வழி செய்தது. அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகளில் இருந்தவர்களைச் சொந்தக்காரர் ஆக்குவது அந்தக் காலத்து அரசியலின் பெரிய கனவு. இண்டைக்குக் கடல் தெரியும் வீடுகளைக் கோடிக்கணக்கில் விற்கும் கம்பனிகளும் நிற்பது, பிறகு திருத்தங்கள் செய்யப்பட்ட அதே சட்டத்தின் மேல்தான். ஒரு இடதுசாரி அமைச்சரின் காலத்தில் வந்த சட்டம் கடைசியில் ஆருக்குக் கதவைத் திறந்தது எண்டு பாருங்கோ.

1980 எண்ட கோடு

வாடகைச் சட்டம் எல்லாருக்கும் நன்மை மட்டும் செய்தது எண்டும் சொல்ல ஏலாது. வாடகை கூடாததால் வீட்டுக்காரர் கூரை ஒழுகினாலும் திருத்தவில்லை. குடுத்தால் திரும்ப எடுக்க ஏலாது எண்ட பயத்தில் பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். சட்டப்படியான வாடகை குறைவாக இருக்க, மேசைக்குக் கீழால் 'கீ மணி' எண்டு ஒரு பெருந்தொகை கைமாறியது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் பாதுகாப்பாக இருந்தார். புதிதாக நகரத்துக்கு வந்தவர் வெளியில் நின்றார்.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1980இல் வாடகைச் சட்டம் திருத்தப்பட்டது. 1980 ஜனவரி 1க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்பு வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது அதன் சாரம். பழைய சட்டத்தை ஒழிக்கவில்லை, ஒரு திகதிக் கோட்டை மட்டும் போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. இந்தப் பக்கம் எழும்பிய ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் வாடகை, முற்பணம், எத்தனை மாத அறிவித்தல் எல்லாம் இரண்டு பேரும் எழுதும் ஒப்பந்தம்தான். கையெழுத்து வைக்கும் இரண்டு பேரும் சம பலம் உள்ளவர்கள் எண்டு சட்டம் நினைத்துக்கொண்டது.

நாங்கள் இண்டைக்கு ஆறு மாதம், ஒரு வருடம் எண்டு முற்பணம் குடுத்து அறை எடுப்பது இந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில்தான். 1990களின் பின்பகுதியில் இருந்து காலி வீதியிலும் யூனியன் பிளேஸ் பக்கமும் எழும்பிய சொகுசு மாடிகளும் இதே பக்கத்தில்தான்.

மேல போன வெள்ளவத்தை

மூன்று வருடத்தில் 1983 ஜூலை வந்தது. வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் தமிழ் வீடுகளைத் தேடிப் போனது பலர் சாட்சி சொன்ன விடயம். ஒரு வீட்டில் ஆர் இருக்கினம் எண்டு அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் பட்டியல், கொலைக்கான பட்டியலாக மாறியது. வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் அகதி முகாமுக்கும் கப்பலுக்கும் போன பிறகு, சட்டம் குடுத்த வாடகை உரிமை வெறும் கடதாசி.

பிறகும் ஆக்கள் கொழும்புக்கு வந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம். 1995இல் யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு. விசாவுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளைகளைப் படிப்பிக்க வந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து பிள்ளை அனுப்பும் காசில் வாழ்ந்தவர்கள். வெள்ளவத்தைக்குச் 'சின்ன யாழ்ப்பாணம்' எண்டு பெயர் வந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒழுங்கைகளில் பழைய வீடுகளை உடைத்து ஐந்து மாடி, எட்டு மாடி எண்டு கட்டினார்கள். இவை கறுவாத்தோட்டத்துச் சொகுசு அல்ல. ஆனால் இங்கே உயரத்துக்கு வேற ஒரு பெறுமதி இருந்தது. கீழே கேற், கேற்றில் வோச்சர், சுற்றிவர எங்கட ஆக்கள். விளம்பரங்களில் 'பாதுகாப்பு' எண்டு வரும் சொல்லை வெள்ளவத்தைத் தமிழர் வாசித்த விதம் வேற.

வாடகைக்கு இருப்பவருக்குப் பொலிஸ் பதிவு இன்னொரு ஒப்பந்தம் மாதிரி. வீட்டில் இருப்பவர்களின் விபரத்தை வீட்டுக்காரரிடம் கேட்கும் அதிகாரம் காலனிக் காலத்துப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கு. அவசரகால விதிகள் அதை இன்னும் இறுக்கின. ஊரில் இருந்து ஒரு மாமி வந்து இரண்டு நாள் தங்கினாலும் பெயர் குடுக்க வேண்டும். தமிழ்ப் பெயருக்கு வீடு குடுக்கவே வீட்டுக்காரர் யோசித்தார்கள்.

இதன் உச்சம் 2007 ஜூன் 7. விடியப்புறம் லொட்ஜுகளுக்குள் பொலிஸாரும் படையினரும் போய், கொழும்பில் தங்குவதற்குத் 'தகுந்த காரணம்' இல்லை எண்டு 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கமும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அந்த லொட்ஜ் அறைகளுக்கும் அவர்கள் காசு கட்டித்தான் இருந்தார்கள்.

நாலாம் மாடி

2009இல் யுத்தம் முடிந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லாரும் தலைமுறையாகக் கலந்து வாழ்ந்த பகுதி அது. நகரப் புத்துருவாக்கத் திட்டம் கொழும்பில் 65,000க்கு மேற்பட்ட குடும்பங்களை வசதி குறைந்த குடியிருப்புகளில் இருப்போராகக் கணக்கெடுத்தது. அவர்களை உயரமான கட்டடங்களுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை முதலீட்டுக்குக் குடுப்பதே அதன் வழி. இந்த யோசனை யுத்தத்துக்குப் பிறகு வந்தது அல்ல. பொரளைக்குப் பக்கத்தில் 671 வீடுகளோடு சஹஸ்புர கட்டடம் 2001இலேயே திறக்கப்பட்டது. புதியது அதன் வேகமும் அதன் பின்னால் நின்ற சீருடையும்தான்.

பேரை வாவிக்கரையில் மோஷே சஃப்டி வரைந்த ஒல்டெயார் எழும்பியது, ஒன்றில் ஒன்று சாய்ந்த இரண்டு கோபுரம், 240 மீட்டர். காலிமுகத்திடலில் இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் ஷங்ரி-லா ஹோட்டலும் வன் கோல்ஃபேஸ் குடியிருப்புகளும் வந்தன. இதே காலத்தில் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் வந்தது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். அதில் ஒரு விதிவிலக்கு. தொடர்மாடியில் நாலாம் மாடியிலோ அதற்கு மேலேயோ ஒரு வீட்டை, முழுப் பணத்தையும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து கட்டினால், வெளிநாட்டவரும் வாங்கலாம் எண்டு 2014இல் அது சொன்னது.

நாலாம் மாடி எண்டால் எங்கட வீடுகளில் பெரியாக்களுக்கு ஞாபகம் வருவது வேற இடம். கொழும்புக் கோட்டையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடி. அங்கே கொண்டு போனார்கள் எண்டால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அந்தப் பயத்தில் நாட்டை விட்டுப் போய், கனடாவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை இழந்த ஒருவர் இந்தச் சட்டத்துக்கு முன்னால் வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை எடுக்காவிட்டால் ஊரில் ஒரு பரப்புக் காணியைத் தன் பெயரில் வாங்குவது கஷ்டம். கொழும்பில் நாலாம் மாடிக்கு மேல ஒரு வீடு வாங்கலாம்.

வாங்கியவர்கள் வருடத்தில் சில கிழமைகள்தான் வருவார்கள். மிச்ச நாளுக்கு வாடகைக்கு விடுவார்கள். அதனால்தான் கணக்கு டொலரில். 2022இல் அதன் அர்த்தம் என்ன எண்டு எல்லாருக்கும் விளங்கியது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய், மே மாதம் சுமார் 360 ரூபாய். 1,000 டொலர் வாடகை எண்டால், இரண்டு லட்சமாக இருந்தது ஒரு சுவரும் மாறாமல் மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆனது. டொலரில் சம்பளம் எடுப்பவருக்கு ஒன்றும் இல்லை. ரூபாயில் வாழ்பவர் பெட்டி கட்ட வேண்டும். அவரைத் தடுத்து வைக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டடத்துக்குள் வராது.

ஆலை இருந்த இடம்

இன்னொரு காணியையும் சொல்ல வேண்டும். ஹவ்லொக் வீதியில் ஹவ்லொக் சிட்டி நிற்கும் இடம் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. நாட்டின் மிகப்பெரிய துணி ஆலையாக இருந்தது. பெரும்பாலான தொழிலாளர் இந்தியாவில் இருந்து வந்தவர்கள். 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு வருடம் கழித்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களுக்கு அதுதான் முதல் பெரிய தொழிற்சங்கப் போராட்டம். அப்போது கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். இந்தியத் தொழிலாளர் எண்ட பிரிவினை அதற்குள் வேலை செய்தது. இப்போது அந்த வளவுக்குள் கோபுரங்கள், பூங்கா, கடைத்தொகுதி. தமிழர் பலரும் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள், வாடகைக்கு இருக்கிறார்கள்.

பழைய ஆலை நல்லது, புதிய மாடி கூடாது எண்டு இதற்கு அர்த்தம் இல்லை. லிஃப்டும் தண்ணியும் கடல் காத்தும் ஆருக்கும் தேவைதான். தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் மாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களும் உயரத்தில்தான் இருக்கினம். ஆனால் அங்கே லிஃப்ட் பழுதானால் திருத்த ஆர் காசு கட்டுவது எண்ட சண்டை. இங்கே அதே செலவு வாடகைக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஆளுவது ஒரே தொடர்மாடிச் சட்டம். ஒன்றுக்கு மட்டும்தான் சொகுசு எண்டு பெயர்.

இப்போது எங்களுக்குத் தேவையானது 1972ஐ அப்படியே திரும்பக் கொண்டுவருவது அல்ல, அதன் கேடுகளையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் முற்பணத்துக்கு ஒரு எல்லை, எழுப்புவதற்கு முன் போதிய அறிவித்தல், பெயரையும் ஊரையும் பார்த்து வீடு மறுப்பதற்கு எதிராக ஒரு வார்த்தை, இவ்வளவும் 1980க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கும் வேண்டும். கேட்க வேண்டியவர்களில் பெரும்பகுதி வாடகைக்கு இருக்கும் எங்கட வயசு ஆக்கள்தான்.

அதற்கு முதல் ஒரு சின்ன வேலை செய்யலாம். கொழும்பில் நாற்பது, ஐம்பது வருடம் இருந்த அம்மம்மா, பெரியப்பா ஆராவது உங்கட வீட்டில் இருந்தால் பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகள் இருக்கா எண்டு கேளுங்கோ. எந்த வீதி, எத்தனை ரூபாய், ஆரிடம் கட்டினது, எந்த வருடம் அந்த வீட்டை விட்டுப் போனது, ஏன் போனது எண்டு எழுதி வையுங்கோ. 1983க்கு முதல் கொழும்பில் நாங்கள் எங்கே எப்படி இருந்தோம் என்பதற்கு அந்தக் கடதாசிகளை விட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.